பல்கலைக்கழக மாணவரிடையே விருப்பமற்ற பாலியல் அனுபவங்கள்

விருப்பமற்ற பாலியல் அனுபவம் என்பது ஒருவரின் இசைவு இல்லாமலோ, அச்சுறுத்தல், ஏமாற்று, அதிகாரம், மயக்கநிலை ஆகியவற்றைப் பயன்படுத்திப் பெறப்பட்ட போலி இசைவுடனோ அவர் மீது நிகழ்த்தப்படும் பாலியல் தன்மை கொண்ட எந்தச் செயலையும் குறிக்கும். பேருந்தில் நிகழும் உரசல், ஆபாசப் பேச்சு, பின்தொடர்தல், கைபேசியில் அனுப்பப்படும் படங்கள், மதிப்பெண்ணைக் காட்டி விடுக்கப்படும் அழைப்பு முதல் வன்புணர்வு வரை இதில் அடங்கும். கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பயிலும் 17 முதல் 25 வயதினர் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். இக்கட்டுரை இத்தகைய அனுபவங்களின் வகைகள், அவை மாணவரின் உடல், மனம், கல்வி ஆகியவற்றில் ஏற்படுத்தும் விளைவுகள், தமிழ்நாட்டில் இது தொடர்பாக உருவான சட்டங்கள் ஆகியவற்றை விளக்குகின்றது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளில் இருந்து கல்லூரி செல்லும் மாணவிகளின் நிலை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வரைவிலக்கணமும் வகைகளும்

இசைவு என்பது தெளிவாகவும், சுயவிருப்பத்துடனும், குறிப்பிட்ட செயலுக்காகவும் தரப்படுவது. இந்தியக் குற்றவியல் சட்டம் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இவ்வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு ஒருவர் இசைந்தார் என்று கொள்ளக்கூடாது என அத்திருத்தம் வெளிப்படையாகக் கூறுகின்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையிலும் இவ்விளக்கம் தொடர்கின்றது.

மாணவரிடையே காணப்படும் விருப்பமற்ற பாலியல் அனுபவங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

சொல்லாலும் பார்வையாலும் ஆனவை: ஆபாசப் பேச்சு, சீட்டியடித்தல், உடலைப் பற்றிய கேலி, தொடர்ந்து உற்றுநோக்கல். தமிழ்நாட்டில் இவை நெடுங்காலம் "ஈவ்டீசிங்" என்ற சொல்லால் விளையாட்டுச் செயல் போலக் கருதப்பட்டன.

தொடுகையால் ஆனவை: நெரிசலைப் பயன்படுத்தி உரசுதல், கிள்ளுதல், கட்டிப்பிடித்தல்.

பின்தொடர்தல்: மறுத்த பின்னரும் நேரிலோ கைபேசி வழியாகவோ இணையம் வழியாகவோ ஒருவரைத் தொடர்தல்.

படம் சார்ந்தவை: அந்தரங்கத்தை மறைந்திருந்து படமெடுத்தல், அதனைப் பரப்புவதாக மிரட்டுதல், ஒருவரின் முகத்தை வேறு படத்துடன் பொருத்திப் பரப்புதல்.

அதிகாரம் சார்ந்தவை: செய்முறைத் தேர்வு மதிப்பெண், வருகைப்பதிவு, ஆய்வேட்டு ஒப்புதல் போன்றவற்றைக் காட்டி ஆசிரியரோ அலுவலரோ பாலியல் இணக்கம் கோருதல்.

பாலியல் வன்முறை: வன்புணர்வும் அதற்கான முயற்சியும்.

பகடிவதையின் ஒரு பகுதியாகவும் பாலியல் துன்புறுத்தல் நிகழ்வதுண்டு. ஆடைகளைக் களையச் செய்வது, ஆபாசச் செயல்களைச் செய்யுமாறு வற்புறுத்துவது ஆகியன பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டுப் பகடிவதைத் தடுப்பு விதிமுறைகளில் குறிப்பிடப்பட்டுள்ளன. மாணவியர் மட்டுமன்றி ஆண் மாணவர்களும், திருநங்கை, திருநம்பி மாணவர்களும் இவற்றால் பாதிக்கப்படுகின்றனர்.

ஆய்வுகளின் வரலாறு

இத்துறையில் முறையான அளவீட்டினைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் மேரி காசு ஆவார். இவரும் செரில் ஓரோசும் 1982இல் பாலியல் அனுபவ வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். "நீங்கள் வன்புணர்வுக்கு ஆளானீர்களா?" என்று கேட்பதற்கு மாறாக, நிகழ்ந்த செயலை விவரித்து "இவ்வாறு நிகழ்ந்ததுண்டா?" என்று கேட்பது இதன் சிறப்பாகும். 1987இல் காசும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் 32 கல்வி நிறுவனங்களில் பயின்ற 6,159 மாணவரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். பெண்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் 14 வயதிற்குப் பின் ஏதேனும் ஒரு வகையான விருப்பமற்ற பாலியல் அனுபவத்திற்கு ஆளானதாகக் கூறினர். சட்டத்தின்படி வன்புணர்வு எனக் கொள்ளத்தக்கதை எதிர்கொண்ட பெண்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் மட்டுமே அதனை அப்பெயரால் அழைத்தனர். நிகழ்ந்ததற்குப் பெயரிடத் தயங்குவது பரவலாக உள்ளது என்பதை இவ்வாய்வு காட்டியது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 33 நிறுவனங்களில் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. 1,80,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதில் பங்கேற்றனர். இளநிலைப் பட்டப்படிப்பு மாணவியரில் 25.9 விழுக்காட்டினரும், இளநிலை ஆண் மாணவர்களில் 6.8 விழுக்காட்டினரும் வன்முறையாலோ இசைவு தர இயலாத நிலையிலோ பாலியல் தொடுகைக்கு ஆளாகியிருந்தனர்.

இந்தியாவில் 2012 திசம்பர் 16 அன்று தில்லியில் இயன்முறை மருத்துவ மாணவி ஒருவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாகி உயிரிழந்ததை அடுத்து, பல்கலைக்கழக மானியக்குழு ஒரு பணிக்குழுவை அமைத்தது. அக்குழுவின் "சக்சம்" என்னும் அறிக்கை 2013இல் வெளியானது. வளாகங்களில் மாணவியரை அடைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதும், பாதுகாப்பின் பெயரால் அவர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதும் அவ்வறிக்கையின் முக்கியக் கருத்துகளாகும்.

விளைவுகள்

உடனடி விளைவுகள்

தாக்குதலின் போது பலர் கத்துவதோ ஓடுவதோ இல்லை. உடல் உறைந்து போகின்றது. இது அச்சத்தின்போது நரம்பு மண்டலம் தானாகக் காட்டும் எதிர்வினையாகும். சுவீடனின் இசுடாக்கோம் நகரில் வன்புணர்வு தொடர்பான மருத்துவமனைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவு உறைநிலையை அனுபவித்ததாகக் கூறினர். இவ்வாறு உறைந்தவர்களுக்குப் பின்னாளில் மனவடு நோயும் மனச்சோர்வும் வரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. "ஏன் கத்தவில்லை?" என்ற கேள்வி அறிவியல் அடிப்படை அற்றது என்பதை இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன.

உளவியல் விளைவுகள்

அமெரிக்காவின் ஆன் பர்கசும் லிண்டா ஓம்சுட்ரோமும் வன்புணர்வுக்கு ஆளான பெண்களிடம் காணப்படும் அறிகுறிகளை 1974இல் தொகுத்து விவரித்தனர். உறக்கமின்மை, கெட்ட கனவு, நிகழ்வு மீண்டும் மீண்டும் நினைவில் எழுதல், திடுக்கிடல், குறிப்பிட்ட இடங்களையும் மனிதர்களையும் தவிர்த்தல், குற்ற உணர்வு, தன்மீதே வெறுப்பு ஆகியன இவற்றுள் சில. மனவடு நோய் என்ற வகை 1980இல் அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இடம்பெற்ற பின், இவ்வறிகுறிகள் நோயாக ஏற்கப்பட்டு மருத்துவம் அளிக்கப்படலாயின. மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியனவும் ஏற்படலாம்.

எல்லோருக்கும் ஒரே அளவில் விளைவுகள் ஏற்படுவதில்லை. நிகழ்வின் கடுமையோடு, நிகழ்வைக் கேட்ட முதல் நபர் எவ்வாறு நடந்து கொண்டார் என்பதும் மீட்சியைப் பாதிக்கின்றது. நம்பிக் கேட்கப்பட்டவர்களை விட, பழிக்கப்பட்டவர்களிடம் நோய்க்குறிகள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

கல்வி மீதான விளைவுகள்

கவனக்குறைவு, வகுப்பைத் தவிர்த்தல், மதிப்பெண் சரிவு, பாடப்பிரிவை மாற்றுதல், இடைநிற்றல் ஆகியன கல்வி சார்ந்த விளைவுகளாகும். குற்றம் புரிந்தவர் அதே வகுப்பிலோ ஆய்வகத்திலோ பேருந்திலோ இருப்பின், பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு நாளும் அவரை எதிர்கொள்ள நேர்கின்றது. தவிர்ப்பதற்கான எளிய வழி கல்லூரிக்குச் செல்லாமல் இருப்பதே என்பதால், குற்றம் புரிந்தவர் படிப்பைத் தொடர, பாதிக்கப்பட்டவர் படிப்பை இழக்கும் நிலை உண்டாகின்றது.

ஊரகப் பின்னணி: உத்திரமேரூர்

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள பேரூராட்சியும் வட்டத் தலைநகரும் ஆகும். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் இவ்வூர் அறியப்படுகின்றது. சுற்றியுள்ள சிற்றூர்கள் வேளாண்மையைச் சார்ந்தவை. இங்கிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, செய்யாறு, மதுராந்தகம் ஆகிய ஊர்களுக்கும், அதற்கப்பால் சென்னைப் புறநகர்க் கல்லூரிகளுக்கும் மாணவர்கள் செல்கின்றனர். காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளன. விடுதியில் தங்காதவர்களுக்குப் பயணமே கல்லூரி வாழ்வின் பெரும்பகுதியாகின்றது.

ஊரக மாணவியரின் நிலை நகர மாணவியரின் நிலையில் இருந்து மூன்று வகைகளில் வேறுபடுகின்றது.

முதலாவது, பயணம். காலை, மாலை நேரங்களில் பேருந்துகள் நெரிசல் மிக்கவை. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டிய வழித்தடங்களில், தொல்லை தருபவர் ஏறும் பேருந்தைத் தவிர்ப்பது இயலாததாகின்றது. பேருந்து நிறுத்தத்தில் இருந்து வீடு வரையுள்ள ஆளரவமற்ற சாலையும் அச்சத்திற்குரியது.

இரண்டாவது, அறிமுகம். சிற்றூரில் அனைவரும் ஒருவரையொருவர் அறிவர். குற்றம் புரிபவர் உறவினராகவோ, ஊர்க்காரராகவோ, நிலவுடைமையாலும் சாதியாலும் செல்வாக்கு மிக்கவராகவோ இருக்கக்கூடும். இந்தியாவில் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. தலித் மாணவியர் புகார் அளிக்கும்போது அது சாதிப் பூசலாகத் திருப்பப்படும் இடரும் உண்டு.

மூன்றாவது, படிப்பு நிறுத்தப்படும் என்ற அச்சம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி சென்றவராக இருக்கும் மாணவி, நிகழ்ந்ததை வீட்டில் கூறினால் "இனிப் போக வேண்டாம்" என்ற விடையே முதலில் வரும் என அஞ்சுகின்றார். அதனை அடுத்து விரைந்து திருமணம் பேசப்படலாம். பெற்றோர் இதனைப் பாதுகாப்பாகவே கருதுகின்றனர். ஆனால் மாணவிக்கு இது தான் செய்யாத குற்றத்திற்கான தண்டனையாக அமைகின்றது. புகார் அளிக்காமைக்கு வெட்கத்தோடு இவ்வச்சமும் முக்கியக் காரணமாகும்.

தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தையும், 2022 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 உரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தையும் நடைமுறைப்படுத்தியது. இவை ஊரக மாணவியரின் பயணச் செலவையும் கல்விச் செலவையும் குறைத்தன. பயணத்தில் எதிர்கொள்ளும் தொல்லையால் ஒரு மாணவி படிப்பை நிறுத்துவாராயின் இப்பயன்கள் அவரைச் சேராமல் போகின்றன.

தமிழ்நாட்டில் கவனம் பெற்ற நிகழ்வுகள்

1998 சூலையில் சென்னை எத்திராசு மகளிர் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் சீண்டலால் கீழே விழுந்து தலையில் அடிபட்டு உயிரிழந்தார். "ஈவ்டீசிங்" விளையாட்டு அன்று என்பதை இந்நிகழ்வு மாநிலத்திற்கு உணர்த்தியது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

2018 ஏப்ரலில் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியர், மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் எனக் கூறி மாணவியரைப் பல்கலைக்கழக உயர் அலுவலர்களுக்கு இணங்குமாறு தொலைபேசியில் தூண்டிய ஒலிப்பதிவு வெளியானது. 2024 ஏப்ரலில் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் கல்லூரி மாணவி ஒருவர் அளித்த புகாரின் மூலம், பெண்களை நட்பாகப் பழகி அழைத்துச் சென்று வன்முறைக்கு ஆளாக்கிக் காணொளி எடுத்து மிரட்டிய குழு ஒன்று அறியப்பட்டது. புகார் அளித்த மாணவியின் அடையாளம் காவல்துறையாலும் அரசாணையாலும் வெளியிடப்பட்டது. அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார். அடையாளத்தை வெளியிட்டதற்காக 25 இலட்சம் உரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2025 மே 13 அன்று கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது.

2024 திசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், வெளியாள் ஒருவர் மாணவி ஒருவரை மிரட்டிப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். மாணவி உடனே புகார் அளித்தார். ஆனால் அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் பரவியது. அவ்வறிக்கை எழுதப்பட்ட மொழி பாதிக்கப்பட்டவரையே குறைகூறுவதாக உள்ளது எனக் கண்டித்த சென்னை உயர்நீதிமன்றம், பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததுடன் 25 இலட்சம் உரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. 2025 சூன் 2 அன்று குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பின்றிச் சிறையில் இருக்க வேண்டும் என்ற ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கடைசி இரு வழக்குகளிலும் தண்டனை கிடைத்தது. எனினும் இரண்டிலும் புகார் அளித்தவரின் அடையாளம் காக்கப்படவில்லை. புகார் அளிக்கத் தயங்கும் பிற மாணவியர் கவனிப்பது பெரும்பாலும் இதனையே ஆகும்.

சட்டங்களும் விதிமுறைகளும்

தமிழ்நாடு பெண்கள் மீதான துன்புறுத்தல் தடைச் சட்டம், 1998

"ஈவ்டீசிங்" தடைச் சட்டம் என்ற பெயரில் இயற்றப்பட்ட இது பின்னர் பெயர் மாற்றப்பட்டது. கல்வி நிறுவனம், பேருந்து நிறுத்தம், சாலை, தொடருந்து நிலையம், திரையரங்கு, கோயில், பொதுப் போக்குவரத்து ஊர்தி ஆகிய இடங்களில் பெண்களைத் துன்புறுத்துவதை இது குற்றமாக்குகின்றது. பேருந்தில் துன்புறுத்தல் நிகழ்ந்து பெண் புகார் கூறினால், பேருந்துப் பணியாளர்கள் ஊர்தியை அருகிலுள்ள காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது இதன் குறிப்பிடத்தக்க கூறாகும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2012 நவம்பரில், பேருந்து நிலையம் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டும் என நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை வழங்கியது. 2022இல் மாநில மோட்டார் ஊர்தி விதிகள் திருத்தப்பட்டு, பெண் பயணிகளை உற்றுநோக்குதல், சீட்டியடித்தல் போன்றவற்றில் ஈடுபடுவோரை நடத்துநர் இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ வழி செய்யப்பட்டது.

விசாகா தீர்ப்பும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும்

இராசசுத்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவர் 1992இல் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானதை அடுத்துத் தொடரப்பட்ட விசாகா வழக்கில், உச்ச நீதிமன்றம் 1997 ஆகத்து 13 அன்று பணியிடங்களுக்கான நெறிமுறைகளை வகுத்தது. இவற்றின் அடிப்படையில் 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மானியக்குழு 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின் மூலம் இதனை மாணவருக்கும் விரிவாக்கியது. இவ்விதிமுறைகள் 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டன.

உள்ளகப் புகார்க் குழு

மேற்கண்ட விதிமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் உள்ளகப் புகார்க் குழுவை அமைக்க வேண்டும். மூத்த பெண் ஆசிரியர் ஒருவர் இதன் தலைவராக இருப்பார். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருத்தல் வேண்டும். வெளியில் இருந்து ஓர் உறுப்பினரும், மாணவர் தொடர்புடைய புகார்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவரும் இடம்பெறுவர். குழு தன்னாட்சியுடன் இயங்கும் பொருட்டு, துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்ற உயர் நிருவாகப் பொறுப்பினர் இதில் உறுப்பினராக இயலாது. குழுவில் யார் இருக்கலாம், யார் இருக்கலாகாது என்று விதிப்பது உத்திரமேரூருக்குப் புதியதன்று. முன்பு கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் வாரியங்களில் இடம்பெறலாகாது என இவ்வூரின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. எனினும் அவ்வாரியங்கள் நிலமும் மனையும் உடைய ஆடவருக்கு மட்டும் உரியனவாக இருந்தன.

நிகழ்ந்த நாளில் இருந்து மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்க வேண்டும். தகுந்த காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதங்கள் நீட்டிக்கப்படலாம். எழுத இயலாதவருக்கு எழுத்தில் தரக் குழு உதவ வேண்டும். விசாரணை 90 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். விசாரணைக் காலத்தில் வகுப்பு மாற்றம், விடுப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவர் விலகியிருத்தல் போன்ற இடைக்கால உதவிகளைக் கோரலாம். பெயர், முகவரி, விசாரணை விவரம் ஆகியவற்றை வெளியிடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. புகாரை மெய்ப்பிக்க இயலாமை மட்டுமே அதனைப் பொய்ப்புகார் ஆக்கிவிடாது என்றும் சட்டம் கூறுகின்றது.

குற்றவியல் சட்டம்

பாரதிய நியாய சங்கிதையின் 75ஆம் பிரிவு பாலியல் துன்புறுத்தலையும், 77ஆம் பிரிவு மறைந்திருந்து பார்த்தல், படமெடுத்தல் ஆகியவற்றையும், 78ஆம் பிரிவு பின்தொடர்தலையும் குற்றங்களாக்குகின்றன. 72ஆம் பிரிவு வன்புணர்வுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரியதாக்குகின்றது. முதலாமாண்டு மாணவர் பலர் 18 வயது நிறையாதவர்களாக இருப்பதால், அவர்களுக்குக் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும்.

விமர்சனங்கள்

வன்புணர்வுச் சட்டம் பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் கொள்கின்றது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெறாததால், வன்முறைக்கு ஆளாகும் வயதுவந்த ஆண் மாணவருக்கு இணையான பாதுகாப்பு இல்லை. திருநர் உரிமைச் சட்டம், 2019 திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சமாக இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனையை மட்டுமே விதிக்கின்றது. மூன்று மாதக் காலவரையறை, உறைநிலையில் இருந்து மீளவே பல மாதங்கள் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்குப் போதாது என்பது மற்றொரு விமர்சனமாகும். கல்லூரிக்கு வெளியே, குறிப்பாக வழக்கமான அரசுப் பேருந்தில் நிகழ்பவற்றைக் கல்லூரிக் குழுக்கள் தம் பொறுப்பாகக் கருதுவது அரிது. ஊரக மாணவியர் தொல்லையை எதிர்கொள்ளும் முதன்மையான இடங்களுள் ஒன்று பேருந்தாகும்.

உதவி பெறும் வழிகள்

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி உடனடி மருத்துவம் அளிக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் அளிக்கவில்லை என்பதைக் காட்டி மருத்துவத்தை மறுக்க இயலாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தினை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையையும் எவ்வளவு விரைவாக இயலுமோ அவ்வளவு விரைவாக உட்கொள்ள வேண்டும். "இரு விரல் சோதனை" கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் உறுதிப்படுத்தியுள்ளது. எந்தக் காவல் நிலையத்திலும், நிகழ்விடம் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டதாயினும், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்யலாம். பெண்களுக்கான உதவி எண் 181, அவசர எண் 112, மனநல உதவிக்கான எண் 14416 ஆகியன கட்டணமற்றவை.

நிகழ்ந்ததை முதலில் கேட்பவர் பெரும்பாலும் தோழியோ தோழனோ தாயோ ஆவார். அவர் சட்ட அறிவு உடையவராக இருக்க வேண்டியதில்லை. இடைமறிக்காமல் கேட்பது, நம்புவது, உடையையும் நேரத்தையும் பற்றி வினவாமல் இருப்பது, பாதிக்கப்பட்டவரின் அனுமதியின்றி வேறு எவரிடமும் கூறாமல் இருப்பது, மருத்துவமனைக்கோ குழுவிடமோ உடன் செல்வது ஆகியன போதுமான உதவிகளாகும். பெற்றோரைப் பொறுத்தவரை, படிப்பு நிற்காது என்ற உறுதியை முதலில் தருவது மாணவி மறைக்காமல் பேசுவதற்கு வழிவகுக்கும்.